தாடிக்காரன் சொன்ன சாட்சி

சாம்பல் புதன்கிழமை காலையில் தட்டில் மீன் குழம்பு இல்லை என்பது தெரிந்தபோதுகூடப் பெனிஸ்டன் கலங்கவில்லை. லெந்து என்கிற தவக்காலம் வந்துவிட்டது. இனி ஈஸ்டர் வரைக்கும் மீன் கிடையாது, கறி கிடையாது, சீரியல் கிடையாது. இந்தப் பக்கத்து நாசரேத்தில் பிறந்து தூத்துக்குடியில் பிழைக்கிற மனிதருக்கு இது வருஷா வருஷம் வருகிற உபத்திரவம்தான். ஊரெல்லாம் சாளையும் விளமீனும் குவிந்து கிடக்க, தேங்காய்ச் சட்னியைத் தொட்டு இட்லி தின்ன வேண்டும். தின்றார்.

கலக்கம் இரண்டாவது இட்லியில் வந்தது.

"இந்த வருசம் உலகப் பாட்டும் கிடையாது," என்றாள் மனைவி ஜெமி.

"நம்ம வீட்டுல யாருளா சினிமாப் பாட்டு கேக்கா?"

"சினிமாப் பாட்டச் சொல்லல. ஒங்க தாடிக்காரனச் சொல்லுதேன்."

பெனிஸ்டனுக்கு விக்கல் எடுத்தது. ஜெமி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். விக்கல் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தாடிக்காரன் என்பது ஒரு ஆள் இல்லை. பெனிஸ்டனிடம் இருக்கும் இசைத்தட்டுகளின் அட்டைகளில் எல்லாம் யாரோ ஒரு வெள்ளைக்காரன் தாடியோடு நிற்பான். பின்னால் வெறிச்சோடிய ரோடு, பழைய லாரி, சில சமயம் ஒரு நாய். முகத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்தது மாதிரி ஒரு களை. ஜெமிக்கு அத்தனை பேரும் ஒரே தாடிக்காரன்தான். தாடி இல்லாத ஒரு பெண் பாடிய தட்டும் ஒன்று உண்டு. அவளுக்குத் தாடிக்காரனின் தங்கச்சி என்று பெயர் வைத்திருந்தாள்.

இந்தப் பைத்தியம் அவருக்கு ஒரு கப்பலிலிருந்து தொற்றியது. பெனிஸ்டன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் மேலாளர். கல்யாணம் ஆன புதிதில், மர லோடு ஏற்றி வந்த கப்பலின் இன்ஜினியர் ஒருவனுக்குப் பல் வலி. பெனிஸ்டன் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன், நன்றிக்கு ஒரு இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், ஒரு களைத்த குரல். வேறு எதுவும் இல்லை. பாடுகிறவன் அடுத்த அடிக்கு மூச்சு இழுக்கிற சத்தமும், அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி கிறீச்சிடுகிற சத்தமும்கூடப் பதிவாகியிருந்தது. அந்தக் கிறீச்சில் பெனிஸ்டன் விழுந்தார். நாள் முழுக்க டிரைலர் டிரைவர்களும் கஸ்டம்ஸும் காதுக்குள் கத்திவிட்டுப் போன பிறகு, யாரையும் எதற்கும் அவசரப்படுத்தாத ஒரு குரல் அவருக்கு வேண்டியிருந்தது. 'இவனும் என்னை மாதிரி அலுத்துப்போனவன்' என்று தோன்றியது. அதுதான் அவருக்கு ஆறுதல்.

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் ஹால் அவருடையது. தட்டில் படிந்த துறைமுகத்து நிலக்கரித் தூசியை மெல்லிய துணியால் துடைப்பார். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி ஊசியை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

இதில் கொடுமை என்னவென்றால், ஊரார் கன்டெய்னரை எல்லாம் சட்டென்று வெளியே எடுத்துக் கொடுக்கிற பெனிஸ்டன், சொந்தமாக வரவழைத்த புதுத் தட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார். எங்கெங்கோ மாட்டி, அடிபட்டு, அது வந்து சேர்ந்தது லெந்துக்கு முந்தின நாள். மேலே சுற்றிய பாலிதீன் தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"ஏளா, ஈஸ்டர் வரைக்கும் அது அப்படியே கிடக்கணுமா?"

"நமக்குப் பிரியமானத விடுததுதான லெந்து? மீன சபை முழுக்க விடுது, சீரியல் ஒங்களுக்குப் பிரியமே இல்ல. அப்ப நீங்க என்னத்த விடுதீய?"

பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனாள். ஜெமி பெண்கள் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர். பதில் தெரியாத பிள்ளைகளை நிற்க வைத்துவிட்டுப் போவது அவளுக்குத் தொழில்.

துறைமுகம் போகிற வழியில், உப்பளங்களைத் தாண்டும்போது, பெனிஸ்டனுக்கு அந்தத் திட்டம் உதித்தது. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். உலகப் பாட்டுதானே கூடாது? தாடிக்காரன் கிறிஸ்தவனாகிவிட்டால்?

சாட்சியங்களுக்குக் குறைவில்லை. தாடிக்காரர்கள் நாலு வரிக்கு ஒரு தரம் 'லார்ட்' என்று கூப்பிடுகிறவர்கள். குடித்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். இழுத்து இழுத்துப் பாடுவதால் தூரத்திலிருந்து கேட்டால் சர்ச்சில் பாடுகிற பாமாலை மாதிரியே இருக்கும். ஜெமி இங்கிலீஷ் டீச்சர் என்பது ஒரு சிக்கல்தான். ஆனால் அவளுடைய இங்கிலீஷ் நாலு கோடு நோட்டில் எழுதின இங்கிலீஷ். தாடிக்காரனுடையதோ சொத்தைப் பல்லோடு முனகுகிற இங்கிலீஷ். ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியாது. பெனிஸ்டனுக்கே பாதி, அட்டையில் அச்சடித்திருப்பதைப் படித்த பிறகுதான் புரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"ஜெமி, அந்தப் புதுத் தட்டு இருக்குல்லா? அது உலகப் பாட்டு இல்ல. கிறிஸ்தவப் பாட்டு."

ஜெமி கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்படியா?"

"அந்த ஆளு மனந்திரும்பிட்டான். குடிய விட்டுட்டான். அத நெனச்சு நெனச்சுப் பாடுதான். எல்லாம் பாவ அறிக்கைதான்."

"அப்பச் சரி. சனிக்கிழம போடுங்க."

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு கேள்வி இல்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு விஷயம் இவ்வளவு லேசாக முடிந்ததே இல்லை. கொஞ்சம் விவரமுள்ள மனிதனாக இருந்தால் அங்கேயே பயந்திருப்பான். பெனிஸ்டன் விசில் அடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் பாலிதீன் தாளைக் கிழித்து, முகர்ந்து பார்த்து, ஊசியை வைத்துக் கண்ணை மூடினார். மடியில் கிடத்தி வாசிக்கிற கிட்டார் ஒன்று மெதுவாக அழத் தொடங்கியது. முதுகுத்தண்டு சிலிர்த்தது. பக்கத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. தட்டில் இல்லை, வீட்டில்.

"நானும் கேக்கேன்," என்று ஜெமி உட்கார்ந்தாள். "லெந்துல பக்திப் பாட்டு கேட்டா நல்லதுதான? இப்ப என்ன சொல்லுதான்?"

"ஆண்டவரே, நான் தூரமாப் போயிட்டேன்னு சொல்லுதான்."

உண்மையில் அவன் ஊர் எல்லையில் இருக்கும் மதுக்கடை மூடிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இப்ப?"

"திரும்பி வரணும்னு சொல்லுதான்."

"எங்க?"

"கர்த்தர்கிட்ட."

"பாவம். இப்ப?"

இப்படியே முதல் பக்கம் முழுக்கப் போயிற்று. இவர் பொய் யோசிப்பதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது. மாதக்கணக்கில் காத்திருந்த தட்டில் ஒரு பாட்டைக்கூட அவர் முழுசாகக் கேட்கவில்லை. ஊசியைத் தூக்கியபோது ரொம்பவும் களைத்திருந்தார்.

"மனசுக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கு," என்று எழுந்தாள் ஜெமி. "வார வெள்ளிக்கிழம லெந்துக் கூட்டம் நம்ம வீட்டுலல்லா? இந்தப் பாட்டையே போட்டுருவோம். நீங்க தமிழ்ல அர்த்தம் சொல்லுங்க. ஐயரம்மாட்டச் சொல்லிட்டேன். ஐயருக்கும் ரொம்பச் சந்தோசமாம்."

இந்தப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். லெந்து நாட்களில் சாயங்காலம் ஒவ்வொரு வீடாக முறைவைத்து ஜெபக்கூட்டம் நடக்கும். வீட்டுக்காரர் வேத பாடம் வாசிப்பார், ஐயர் பேசுவார், கடைசியில் சுண்டலும் காபியும். பெனிஸ்டன் வழக்கமாகக் காபி நேரத்துக்கு வீடு வந்து சேர்கிற ஆள்.

"வெள்ளிக்கிழம கப்பல் வருதுளா."

"வியாழக்கிழம வருது. ஒங்க ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

"ஊசி தேஞ்சு போச்சு."

"இன்னைக்கு நல்லாத்தான பாடுச்சு? அப்படித் தேஞ்சிருந்தா நீங்களே பாடுங்க. ராகம் ஒங்களுக்குத் தெரியும்லா."

வெள்ளிக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. பாயில் பெண்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் ஆண்கள். நடுநாயகமாக ஐயர். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் ஜெயபாய் அக்கா முன்வரிசையில் கைக்குட்டையை விரித்துத் தயாராக வைத்திருந்தார். பக்கத்து வீட்டுத் தேவபிரசாதம் அண்ணாச்சி, உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்து உட்கார்ந்தார்.

பெனிஸ்டன் இருப்பதிலேயே கொஞ்சம் யோக்கியமான பாட்டாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்தார். அதில் தாடிக்காரன் குடிக்கிறான், ஆனால் சண்டை போடுவதில்லை. ராத்திரி முழுக்க லாரி ஓட்டி, தன்னை விட்டுப் பிரிந்த மனைவியின் வீட்டு வாசலுக்கு வருகிறான். அடுக்களையில் விளக்கு எரிகிறது. இறங்காமலே திரும்பிப் போகிறான்.

பாட்டு தொடங்கியது. முதல் அடி முடிவதற்குள் ஜெயபாய் அக்கா கையைத் தூக்கினார். "தம்பி, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. அப்பத்தான் மனசுல தங்கும்."

ஓடுகிற தட்டிலிருந்து வரிக்கு வரி ஊசியைத் தூக்குவதா! பெனிஸ்டன் பல்லைக் கடித்துக்கொண்டார். தூக்கினார்.

"ராத்திரி முழுக்க இவரு பயணம் பண்ணுதாரு."

"ஊழியத்துக்கா?" என்றார் ஐயர்.

"ஆமாங்கய்யா. ஊழியம் மாதிரிதான்."

"சொந்த லாரியா, வாடக லாரியா?" என்றார் தேவபிரசாதம் அண்ணாச்சி.

"சொந்த லாரி அண்ணாச்சி."

"அப்ப வசதியான ஆளுதான்."

ஊசியை வைத்தார். தாடிக்காரன் பக்கத்து சீட்டில் உருளும் புட்டியைப் பற்றி உருக்கமாகப் பாடினான். ஊசியைத் தூக்கினார்.

"பக்கத்து சீட்டுல ஒரு குப்பி இருக்கு."

"அபிஷேகத் தைலமா?" என்றார் ஜெயபாய் அக்கா பரவசமாக.

"ஆமாக்கா."

"ஸ்தோத்திரம்!"

பெனிஸ்டனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த அடுக்களை விளக்கு கைகொடுத்தது. "தூரத்துல ஒரு வெளிச்சம் தெரியுது" என்றார். ஹால் முழுக்க 'ஆமென்' எழுந்தது. வாசலில் நாய் வாலாட்டிய வரிக்கு அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரை தெரிந்துவிட்டது என்று பெனிஸ்டன் நினைத்தார். 'லார்ட்' என்று நீட்டி முழக்குகிற இடத்தில் நிறுத்தி, "கர்த்தாவே, என்னை மன்னியும்னு முடிக்காரு" என்று ஊசியை எடுத்து மூடியைச் சாத்தினார்.

"இவிய ஒரு வரிய விட்டுட்டாவ," என்றாள் ஜெமி.

அடுக்களை வாசலில் சுண்டல் தட்டோடு நின்றிருந்தாள். பள்ளிக்கூடக் குரல்.

"எந்த வரி?" என்று கேட்ட குரல் பெனிஸ்டனுக்கே அந்நியமாக இருந்தது.

"விளக்கு வரிக்கு அடுத்தது. 'நீ பேசினே'ன்னு ஆரம்பிக்குமே. அது கர்த்தர்கிட்டச் சொல்லுத வரி இல்லையே. அந்த ஆளு பொண்டாட்டிகிட்டச் சொல்லுததுல்லா?"

பெனிஸ்டன் அவளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியும். மதுக்கடை தெரியும், புட்டி தெரியும், அபிஷேகத் தைலத்தின் மணம்கூடத் தெரியும். போன சனிக்கிழமை 'இப்ப என்ன சொல்லுதான், இப்ப என்ன சொல்லுதான்' என்று கேட்டது தெரியாமல் இல்லை.

"சொல்லுங்க தம்பி," என்றார் ஜெயபாய் அக்கா.

வேறு வழி இல்லை. பொய் யோசிக்கத் தெம்பும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பெனிஸ்டன் சொன்னார். "'நீ பேசினே. நான் ரேடியோவக் கூட்டி வச்சேன். நீ அழுத அன்னைக்கும் நான் பாட்டுதான் கேட்டேன்.' இதான் அந்த வரி."

பெண்கள் ஜெமியைப் பார்த்தார்கள். பிறகு ரெக்கார்டு பிளேயரைப் பார்த்தார்கள். பிறகு பெனிஸ்டனைப் பார்த்தார்கள். ஜெயபாய் அக்காவின் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று.

ஐயர் எழுந்து வந்து பெனிஸ்டனின் தோளைத் தொட்டார். "சகோதரர் பாட்டுக்கு அர்த்தம் சொல்லுதாருன்னு நெனச்சேன். இது அவரோட சொந்தச் சாட்சி. எத்தன பேருக்கு இப்படிப் பகிரங்கமாச் சொல்லத் தைரியம் வரும்?"

"ஐயா, அது பாட்டுல..."

"தாழ்மையப் பாருங்க!" என்றார் ஐயர்.

"இத்தன வருசமா அந்தப் பிள்ள வெளிய ஒரு வார்த்த சொல்லலியே," என்று ஜெயபாய் அக்கா ஜெமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, லெந்து வந்திருக்கு. ஆண்டவருக்கு என்ன வாக்குக் குடுத்துப் பொருத்தன பண்ணுதீய?"

நாற்பது கண்கள் காத்திருந்தன. தாடிக்காரன் இந்த நிலையில் இருந்தால் லாரியை எடுத்துக்கொண்டு போயிருப்பான். பெனிஸ்டனின் பைக்கை மறித்து ஐயருடைய கார் நின்றிருந்தது.

"ஈஸ்டர் வரைக்கும்," என்றார் பெனிஸ்டன், "நான் பாட்டு கேக்கல. சனிக்கிழம சாயங்காலம் ஜெமி என்ன சொல்லுதாளோ அதக் கேக்கேன்."

"அல்லேலூயா!" என்று ஹாலே முழங்கியது. ஐயர் ஜெபம் பண்ணினார். அந்தத் தாடிக்காரனுக்காகவும் பண்ணினார். "இந்தப் பாட்டைப் போல மனந்திரும்புதலின் பாட்டை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும் இது ஒலிக்க வேண்டும்" என்று முடித்தார். சுண்டல் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். பெனிஸ்டன் சாப்பிடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணிக்குப் பெனிஸ்டன் முகம் கழுவி, சட்டை மாற்றி, ஹாலில் வந்து உட்கார்ந்தார். ஏமாந்துபோன எரிச்சல் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ராத்திரி அந்த வரியை நினைத்து வெகுநேரம் தூங்கவில்லை. எங்கேயோ முன்பின் தெரியாத ஒருத்தன் பெண்டாட்டி போனதற்கு இவர் இத்தனை வருஷம் உருகியிருக்கிறார். ஜெமிக்கு என்ன குறை என்று ஒருநாள் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு உண்மையாகவே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

ஜெமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சொல்லுளா. என்ன சொன்னாலும் கேக்கேன்."

ஜெமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நீங்க சனிக்கிழமதோறும் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பீய. நான் அடுக்களையில நிப்பேன். எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். தெரியுமா ஒங்களுக்கு?"

பெனிஸ்டனுக்குத் தெரியாது.

"தெரியாது. ஏன்னா நீங்க கேக்கல. பழைய தட்டு வரி எல்லாம் எனக்கு மனப்பாடம், புதுசுக்கு அட்டையில போட்டிருக்கத வாசிச்சுட்டேன். ஆனா ஒரு பாட்டாவது முழுசாக் கேட்டிருக்கேனா? ஒரு வரி கேட்டா மிக்ஸி. அடுத்த வரிக்கு வாசல்ல பால்காரர். அந்தத் தங்கச்சி பாடுத தட்டுல கடைசிப் பாட்டு எப்படி முடியும்னே எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒவ்வொரு வாரமும் அப்பத்தான் நீங்க காபி கேப்பீய."

பெனிஸ்டனுக்கு மனசு இளகியது. "இவ்வளவுதானா? ஏளா, இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? வா, இங்கன உக்காரு. சேந்தே கேப்போம்." எழுந்து பிளேயரின் மூடியைத் திறக்கப் போனார்.

"ஒங்களுக்குப் பொருத்தன இருக்கு," என்றாள் ஜெமி.

"அது... லெந்துல ஒனக்கும் உலகப் பாட்டு கூடாதுல்லா?"

"இது உலகப் பாட்டு இல்லையே. நீங்கதான சொன்னீய? ஐயரே எல்லா வீட்டுலயும் கேக்கணும்னு சொல்லிட்டாவ."

அலமாரியைத் திறந்து ஹெட்போனை எடுத்தாள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பள்ளியில் கொடுத்தது. காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன். அதைப் பிளேயரில் செருகினாள். புதுத் தட்டைத் துணியால் துடைத்தாள், அவரைவிடப் பதமாக. அவருடைய நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். தட்டு சத்தமில்லாமல் சுற்றியது.

பெனிஸ்டன் கொஞ்ச நேரம் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அதில் அலுப்பு ஒவ்வொன்றாகக் கழன்று போவது தெரிந்தது. அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சனிக்கிழமை முகம் அது.

"என்ன பாட்டு ஓடுது?" என்று உரக்கக் கேட்டார்.

ஜெமி ஹெட்போனை ஒரு பக்கம் மட்டும் லேசாக நகர்த்தினாள். "ஏழு மணி வரைக்கும் யாரும் எதுவும் கேக்கக் கூடாது. பருப்பு வெந்திருக்கும், போயி குக்கர அணைங்க. அப்படியே ஒரு காபி."